பலர் உட்காரும் கம்ப்யூட்டரில் பயர்பாக்ஸ்: நிறுவுவது முதல் துடைத்து மூடுவது வரை

வடசென்னையில், வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடி ஹவுஸிங் போர்டு வீடுகளிலும் ஒரு டெஸ்க்டாப் இருந்தால் அது பெரும்பாலும் மொத்தக் குடும்பத்துக்கும் பொது. காலையில் அப்பா கடையின் ஜிஎஸ்டி வேலையைப் பார்ப்பார். மதியம் அக்கா டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாள்களை இறக்குவாள். சாயங்காலம் தம்பி கேம் விளையாடுவான். நடுவில் பக்கத்து வீட்டு அத்தை வந்து, "கண்ணு, இந்த ஈபி பில்லைக் கட்டிக் குடுத்துடேன்" என்பார். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள். அங்கே நாள் முழுக்க ஒரே நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

பிரைவசி வழிகாட்டிகள் பெரும்பாலும் எங்கோ இருக்கும் விளம்பரக் கம்பெனிகளிடமிருந்து தப்பிப்பதைப் பற்றியே பேசுகின்றன. நமக்கு அது பாதிதான். அடுத்து அதே நாற்காலியில் உட்காரப் போகிறவர் மீதிப் பாதி. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கல்யாணமாகி நாலு வருஷமான ஒரு பெண், குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி மதியம் தனியாக உட்கார்ந்து தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் மாமனார் செய்தி படிக்க உட்கார்ந்தால், பக்கத்தின் ஓரத்தில் கருத்தரிப்பு மைய விளம்பரம் வந்து நிற்கும். அந்தப் பெண் வாய் திறக்கவே இல்லை, ஆனாலும் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமை வீட்டு டெஸ்க்டாப்பிலும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் பயர்பாக்ஸ்?

பிரைவசிக்குப் பெயர் பெற்ற பிரவுசர்கள் பல இருக்கின்றன. பிரேவ் நல்ல பிரவுசர். குரோமுக்கு அடியில் இருக்கும் அதே குரோமியத்தில் கட்டப்பட்டது, விளம்பரத் தடுப்பும் கூடவே வருகிறது. ஆனால் கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் என்று அதோடு வரும் சமாச்சாரங்களை வீட்டுப் பெரியவர்கள் தெரியாமல் அழுத்திவிட்டு முழிப்பார்கள். டோர் பிரவுசர் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்களுக்கு. வேகம் குறைவு, வங்கித் தளங்கள் பல நேரம் அதை உள்ளே விடாது. லிப்ரவுல்ஃப், முல்வாட் பிரவுசர் இரண்டும் பயர்பாக்ஸின் வழித்தோன்றல்கள், விஷயம் தெரிந்தவர்களுக்கு ஏற்றவை.

பொதுக் கம்ப்யூட்டருக்கு நான் பயர்பாக்ஸைத்தான் சொல்வேன். மூடும்போது எதை அழிக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் நுணுக்கமாகச் சொல்ல முடியும். தமிழ் இடைமுகம் இருக்கிறது. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானின் முழு வடிவம் அதில் இன்றும் ஓடுகிறது. பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்ற துணை மென்பொருள்களுக்கான விதிகளை கூகுள் மாற்றியதால் குரோமில் அந்த முழு வடிவம் இப்போது வேலை செய்வதில்லை, லைட் வடிவம்தான் உண்டு. பயர்பாக்ஸிலும் ஒரு நெருடல் இருக்கிறது. அதை உருவாக்கும் மொசில்லாவுக்கு வரும் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை முதல் தேடுபொறியாக வைப்பதற்காக கூகுள் தருவது. அதனால்தான் நிறுவியபடியே விட்டுவிடாமல் சில அமைப்புகளை மாற்றச் சொல்கிறேன்.

நிறுவுதல்

முதலில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் தட்டினால் தெரியும். 10, 11 என்றால் பயர்பாக்ஸ் ஏறுவதில் சிக்கல் இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழைய சிபியுவில் விண்டோஸ் 7 இருந்தால் பயர்பாக்ஸின் புதிய பதிப்புகள் ஏறாது. அந்த மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டுவிடுவது நல்லது. இலவசம், பயர்பாக்ஸும் கூடவே வந்துவிடும். மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவையும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். ஓட்டை விழுந்த விண்டோஸில் எவ்வளவு நல்ல பிரவுசர் போட்டாலும் பாதுகாப்பு அரைகுறைதான்.

இறக்கும்போது கூகுளில் தேடி, மேலே வரும் முதல் இணைப்பை அழுத்தாதீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம், போலி மென்பொருளைப் பரப்புகிறவர்கள் அந்த இடத்தைத்தான் காசு கொடுத்துப் பிடிக்கிறார்கள். பயர்பாக்ஸ் டாட் காம் (firefox.com) என்ற முகவரியை நீங்களே தட்டுங்கள். இறங்கிய ஃபைலைத் திறந்ததும் "இந்த ஆப் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா?" என்று விண்டோஸ் கேட்கும். யெஸ் அழுத்தும் முன் அந்தப் பெட்டியில் வெரிஃபைட் பப்ளிஷர் என்ற வரியைப் படியுங்கள். மொசில்லா கார்ப்பரேஷன் என்று இருக்க வேண்டும். வேறு பெயரோ, அன்நோன் என்றோ இருந்தால் நோ கொடுத்து ஃபைலை அழித்துவிடுங்கள்.

முதல்முறை திறக்கும்போது குரோமிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரட்டுமா என்று கேட்கும். புக்மார்க்கை மட்டும் கொண்டுவாருங்கள். பழைய பிரவுசரில் யார் யார் பாஸ்வேர்டெல்லாம் சேர்ந்து கிடக்கிறதோ, அந்தக் குப்பையைப் புது வீட்டுக்கு ஏன் தூக்கி வர வேண்டும்?

மெனுக்கள் தமிழில் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்க்கலாம். கீழே ஆங்கில மெனுப் பெயர்களைத்தான் எழுதியிருக்கிறேன் என்பதால், அமைப்பதை முடித்துவிட்டு மொழியை மாற்றுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்கள் இடம் மாறும். தேடியது கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸ் பக்கத்தின் தலையில் உள்ள தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டுங்கள், கொண்டுபோய் நிறுத்தும்.

வெளியே இருந்து பார்ப்பவர்களைத் தடுப்பது

வலது மேல் மூலையில் மூன்று கோடுகள், அதில் செட்டிங்ஸ், பிறகு பிரைவசி அண்ட் செக்யூரிட்டி.

முதலில் என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்‌ஷன். ஸ்டாண்டர்டு என்று இருப்பதை ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள். குக்கி என்பது ஒரு தளம் உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள உங்கள் கம்ப்யூட்டரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்பு. முன்பெல்லாம் இது ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி. யார் வந்தார், யார் போனார் என்று பொது முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு விளம்பரக் கம்பெனி எல்லாக் குடித்தனத்தையும் கவனிக்க முடிந்தது. 2022 முதல் பயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்துக்கும் தனி வாசல் வைத்துவிட்டது. ஒரு தளத்தில் போட்ட குக்கியை இன்னொரு தளத்தில் படிக்க முடியாது. ஸ்ட்ரிக்ட் வைத்தால், தெரிந்த கண்காணிப்புக் கம்பெனிகளின் நிரல்கள் பக்கத்தோடு சேர்ந்து ஏறுவதும் தடுக்கப்படும்.

கொஞ்சம் கீழே, உங்கள் தகவலை விற்காதே, பகிராதே என்று தளங்களுக்குச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும். போட்டு வையுங்கள். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் அதற்குச் சட்ட பலம் உண்டு. இங்கே அது வேண்டுகோள் அளவில்தான் நிற்கும்.

எச்டிடிபிஎஸ் என்பது உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை. எச்டிடிபிஎஸ் ஒன்லி மோடை எல்லா விண்டோக்களுக்கும் இயக்குங்கள். சில பழைய தளங்களுக்குப் போனால் எச்சரிக்கைப் பக்கம் வரும். படிக்க மட்டும் என்றால் தாண்டிப் போகலாம். அப்படிப்பட்ட பக்கத்தில் பாஸ்வேர்டோ கார்டு எண்ணோ தட்டாதீர்கள்.

அடுத்து டிஎன்எஸ். தெருக் கேபிள்காரரிடம் இன்டர்நெட் வாங்கும் வீடுகளுக்கு இது முக்கியம். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் அதன் எண் முகவரி என்ன என்று பிரவுசர் கேட்கும். அந்தக் கேள்வி வழக்கமாகப் பூட்டில்லாமல் உங்கள் இணைப்பைத் தருபவர் வழியாகவே போகும். டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் என்ற பகுதியில் இன்கிரீஸ்டு புரொடெக்‌ஷன் தேர்ந்தெடுத்தால் கேள்வி பூட்டிய உறையில் போகும். இதனால் முழுவதும் மறைந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். எந்த சர்வரோடு பேசுகிறீர்கள் என்பது இணைப்பு தருபவருக்கு வேறு வழிகளில் தெரியக்கூடும். அந்தப் பக்கத்தில் என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது எச்டிடிபிஎஸ் இருக்கும்வரை தெரியாது.

அதே பக்கத்தில் பயர்பாக்ஸ் தன் பங்குக்குத் தகவல் அனுப்பும் டிக்குகள் சில இருக்கும். டெக்னிக்கல் டேட்டா, ஸ்டடீஸ், விளம்பர அளவீடு என்று எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஹோம் பகுதியில் ஸ்பான்சர்டு என்று வருவதையும் எடுங்கள்.

தேடுபொறியை டக்டக்கோவுக்கு மாற்றலாம். ஆங்கிலத்தில் தேடினால் குறை தெரியாது. தமிழில் தேடும்போது எனக்கு கூகுள்தான் இன்னும் நன்றாகத் தருகிறது. அப்போது மட்டும் முகவரிப் பட்டையில் @google என்று தட்டி, இடைவெளி விட்டுத் தேடுங்கள். சர்ச் சஜஷன்ஸ் என்ற டிக்கை எடுத்துவிடுவது அவசியம். அது இருந்தால் நீங்கள் என்டர் அழுத்தும் முன்பே, தட்டத் தட்ட எழுத்துகள் தேடுபொறிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பிறகு பெர்மிஷன்ஸ். நோட்டிஃபிகேஷன் வரிசையில் செட்டிங்ஸை அழுத்தி, புதிதாக அனுமதி கேட்பதையே தடுக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். ஜாதகம் பார்க்கவோ ரேஷன் கார்டு நிலவரம் பார்க்கவோ ஏதோ ஒரு தளத்துக்குப் போன பெரியவர், அலோ என்று வந்ததை அழுத்தியிருப்பார். அன்றிலிருந்து திரையின் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கும். அது வைரஸே இல்லை, அந்தத் தளம் அனுப்பும் விளம்பரம். இந்த ஒரு டிக் அந்தத் தொல்லையை வாசலிலேயே நிறுத்திவிடும்.

யூபிளாக் ஆரிஜின்

பயர்பாக்ஸின் ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் யூபிளாக் ஆரிஜின் என்று தேடுங்கள். எழுதியவர் ரேமண்ட் ஹில். அந்தப் பெயர் இருக்கிறதா, ரெகமெண்டட் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். பெயரில் ஒன்றிரண்டு எழுத்து மாற்றி நடமாடுபவை உண்டு. நிறுவியதும் ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் அதன் மேல் அழுத்தி, பிரைவேட் விண்டோக்களிலும் (மூடியதும் ஹிஸ்டரியையும் குக்கியையும் மறந்துவிடும் விண்டோ) ஓட அனுமதி கொடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

வேறு எதையும் மாற்ற வேண்டாம். வந்தபடியே நன்றாக வேலை செய்யும். இதற்கு மேல் கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றித் தருவது என்று எக்ஸ்டென்ஷன்களை அடுக்காதீர்கள். நிறுவும்போது "எல்லாத் தளங்களிலும் உங்கள் தகவலைப் படிக்க, மாற்ற" என்று அனுமதி கேட்கும் பாருங்கள், அதற்குப் பொருள் உங்கள் வங்கிப் பக்கத்தையும் அது படிக்கலாம் என்பதுதான். யூபிளாக்கும் அதே அனுமதியைத்தான் கேட்கிறது. பல வருஷமாகப் பலர் நிரலைத் திறந்து பார்த்து நம்பகமானது என்று கண்டதால் அதற்குக் கொடுக்கிறோம்.

அடுத்து உட்காருபவர்

வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரியான வழி, ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு. விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட். மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கேட்டால் "இவருடைய சைன்-இன் தகவல் என்னிடம் இல்லை" என்பதை அழுத்துங்கள். அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே சேர்க்கும் வழி வரும். ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டு வையுங்கள். பயர்பாக்ஸை ஒருமுறை நிறுவினால் போதும். ஆனால் மேலே சொன்ன அமைப்புகளையும் யூபிளாக்கையும் ஒவ்வொரு கணக்கிலும் தனியாகச் செய்ய வேண்டும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையும் எல் விசையும் சேர்த்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அட்மின் கணக்கு வைத்திருப்பவர் நினைத்தால் மற்றவர்களின் ஃபைல்களைத் திறக்க முடியும். அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது நியாயம்.

பயர்பாக்ஸுக்குள்ளேயே புரொஃபைல்கள் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், புக்மார்க்கும் ஹிஸ்டரியும் தனித்தனியாக இருக்கும். ஆனால் புரொஃபைலுக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கடைக் கணக்கு ஒன்று, சொந்தக் கணக்கு ஒன்று என்று ஒரே ஆள் பிரித்து வைக்கத்தான் அது உதவும்.

விண்டோஸ் கணக்கு பிரிக்க வழியில்லாத இடங்களில் மூடும்போது அழிப்பதுதான் வழி. எம்.சி. ரோடு ஜவுளிக் கடையின் பில் போடும் சிஸ்டம், தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை எல்லாம் இந்த வகை. பிரைவசி பக்கத்தில் இவற்றைச் செய்யுங்கள்:

1. குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா பகுதியில், பயர்பாக்ஸை மூடும்போது அழிக்கும் பெட்டியில் டிக். கடையின் சொந்த பில்லிங் தளம் மட்டும் லாக்-இன் ஆகவே இருக்க வேண்டுமென்றால் மேனேஜ் எக்ஸப்ஷன்ஸில் அந்த முகவரியை மட்டும் சேர்த்து அலோ கொடுங்கள்.
2. ஹிஸ்டரி பகுதியில் யூஸ் கஸ்டம் செட்டிங்ஸ். தேடியதையும் படிவத்தில் தட்டியதையும் நினைவில் வைக்கும் டிக்கை எடுங்கள்.
3. பாஸ்வேர்டு சேமிக்கட்டுமா என்று கேட்கும் டிக்கையும், கார்டு எண்ணைத் தானாக நிரப்பும் டிக்கையும் எடுங்கள்.
4. ஜெனரல் பகுதியில், திறக்கும்போது பழைய டேப்களைத் திரும்பக் கொண்டுவரும் பெட்டி காலியாக இருக்கட்டும்.

இரண்டாவதைச் சும்மா விடாதீர்கள். ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் மொபைல் எண் கேட்கும் பெட்டியில் கர்சரை வைத்து, 9 என்று ஒரே ஒரு எண் தட்டிப் பாருங்கள். கீழே பட்டியல் விரியும். காலையிலிருந்து அங்கே உட்கார்ந்தவர்களின் எண்கள், முன்பின் தெரியாத பெண்களின் எண்களும் சேர்த்து, வரிசையாக நிற்கும். பெயர் பெட்டியிலும் அப்படியே. யாரும் திருடவில்லை, பிரவுசர் உதவி செய்கிறேன் என்று எடுத்து நீட்டுகிறது.

கடைக்காரர்களுக்கு இன்னும் சுலபமான வழியும் உண்டு. அதே ஹிஸ்டரி பகுதியில் எப்போதும் பிரைவேட் பிரவுசிங் மோடிலேயே ஓடச் சொல்லும் பெட்டி இருக்கிறது. டிக் போட்டு பயர்பாக்ஸை மறுபடி திறந்தால் போதும். ஒரு வாடிக்கையாளர் எழுந்ததும் பயர்பாக்ஸை முழுவதும் மூடித் திறப்பதைப் பழக்கமாக்குங்கள். டேப்பை மட்டும் மூடினால் லாக்-இன் போகாது.

கடையின் அமைப்பை மாற்ற முடியாத வாடிக்கையாளர் என்றால், கன்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிரைவேட் விண்டோவில் வேலையை முடியுங்கள். எல்லா பிரைவேட் விண்டோவையும் மூடினால்தான் அந்த அமர்வு முடியும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர்

பிரைவேட் விண்டோவோ, மூடும்போது அழிப்பதோ, பெரும்பாலும் தொடாத இடம் இது. ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், வங்கி ஸ்டேட்மென்ட், ஆதார், எல்லாம் இறக்கிய இடத்திலேயே கிடக்கும். ஆதார் பிடிஎஃப் பூட்டியிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பக்கத்திலேயே அதே ஆளின் விண்ணப்பப் படிவம் கிடந்தால் இரண்டும் அதிலேயே இருக்கும்.

அதனால், பிரிண்ட் எடுத்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து உங்கள் ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட், டெலிட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் அழியும். "அண்ணா, என் ஃபைலை அழிச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்தால் எந்தக் கடைக்காரரும் தடுக்கமாட்டார். ஆதார் கேட்கும் இடங்கள் பலவற்றில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். ஆதார் தளத்தில் இறக்கும்போதே அந்தத் தேர்வு இருக்கிறது.

பிரவுசர் எதுவும் செய்ய முடியாத இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டரிலேயே விசைகளைப் பதிவு செய்யும் மென்பொருள் யாராவது போட்டிருந்தால் பயர்பாக்ஸ் காப்பாற்றாது. வங்கி வேலையைத் தெரியாத கம்ப்யூட்டரில் செய்யவே செய்யாதீர்கள்.

தளம் வேலை செய்யவில்லை என்றால்

ரயில் டிக்கெட்டோ ஈபி பில்லோ கட்டும்போது பணம் செலுத்தும் பக்கம் வெள்ளையாக நின்றுபோகலாம். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள கேடய ஐகானை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை அணையுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் யூபிளாக் ஐகானை அழுத்தி, வரும் பெரிய பவர் பொத்தானை அணைத்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பணம் பிடித்த பிறகு பக்கம் நின்றால் மட்டும் மறுபடி ஏற்றாமல், முதலில் வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகிச் செய்யும் வேலைகளுக்கு எட்ஜ் போன்ற ஒன்றை அந்த ஒரு வேலைக்கென்று ஒதுக்கிவிடுவது நடைமுறைக்கு நல்லது.

அபவுட் கான்ஃபிக் என்ற உள் அமைப்புகள் பக்கத்தில் போய், உங்கள் கம்ப்யூட்டரின் அடையாளத்தைத் தளங்களிடமிருந்து மறைக்கும் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்கை இயக்கச் சொல்லும் யோசனைகளைப் பார்ப்பீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் வேண்டாம். தளங்களுக்கு உங்கள் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரியும், கேப்சா கூடும், வீட்டில் எல்லோரும் பயர்பாக்ஸ் சரியில்லை என்று குரோமுக்கே திரும்பிவிடுவார்கள்.

புதுப்பிப்பு சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும். மெனுவில் ஹெல்ப், அபவுட் பயர்பாக்ஸ் திறந்தால் தானே தேடி எடுக்கும். ரீஸ்டார்ட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய பிரவுசரில் விட்டு வந்தவை

குரோமைத் திறந்து, சேமித்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொருவரும் தங்களுடையதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அல்லது பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றுங்கள். பிறகு குரோமில் உள்ளே இருக்கும் கூகுள் கணக்கிலிருந்து முதலில் வெளியே வாருங்கள். வராமல் அழித்தால் சின்க் வழியாக உங்கள் போனில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், டெலிட் அழுத்தி, காலத்தை ஆல் டைம் என்று வைத்து, அங்கே காட்டும் எல்லாவற்றையும், பாஸ்வேர்டு, ஆட்டோஃபில் இருந்தால் அவற்றையும் சேர்த்து, அழியுங்கள்.

எந்தக் கடையிலாவது ஜிமெயிலை மூடாமல் வந்திருந்தால், போனிலேயே கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் யுவர் டிவைசஸ் பட்டியலைப் பாருங்கள். உங்களுடையது அல்லாத கம்ப்யூட்டரைத் தொட்டு சைன் அவுட் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் திறந்தால், பிரிண்ட் எடுப்பதற்காக எப்போதோ கியூஆர் ஸ்கேன் செய்த கடைக் கம்ப்யூட்டர் இன்னும் அதில் இருக்கலாம். அதன் மேல் தொட்டு லாக் அவுட் கொடுங்கள். அந்த நொடியே அங்கே உங்கள் சாட்கள் மூடிவிடும்.